பிரெக்ஸிட்: பவுண்டு கணக்கும் நம் வீட்டுக் கணக்கும்

கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம், மீமிசல் என நம் புதுக்கோட்டை மாவட்டக் கடலோர ஊர்களில் வெளிநாட்டுப் பயணம் புதிதல்ல. பிள்ளையைப் படிக்க பிரிட்டனுக்கு அனுப்ப நினைப்போர் அந்நாட்டின் நிலையையும் அறிய வேண்டும்.

2016இல் 52 சதவீதத்தினர் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக வாக்களித்தனர். 2020 ஜனவரி 31இல் பிரிட்டன் வெளியேறியது. இதனால் பொருளாதாரம் எவ்வளவு பாதித்தது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

கொரோனாவும் உக்ரைன் போருமே காரணம் என்கிறது ஒரு தரப்பு. அவை மற்ற ஐரோப்பிய நாடுகளையும்தான் தாக்கின. ஆனால், அண்டை நாட்டுக்குச் சரக்கு அனுப்பவே சுங்கப் பத்திரம், சோதனை, தாமதம் என்ற புதிய சுமை பிரெக்ஸிட்டால் வந்தது. விலகாமல் இருந்திருந்தால் எட்டியிருக்கும் அளவைவிட, உற்பத்தித்திறன் நீண்டகாலத்தில் 4 சதவீதம் குறையும் என்பது பிரிட்டனின் பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு.

நமக்கு இது எப்படி வந்து சேர்கிறது? 2021இல் படிப்புக்குப் பின் 2 ஆண்டு வேலை தேட விசா கிடைத்தது. பிறகு குடியேற்ற எதிர்ப்பு வலுத்தது. 2024 முதல் பெரும்பாலான முதுகலை மாணவர்கள் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது. 2025 ஜூலை முதல் திறன்மிகு பணியாளர் விசாவுக்குப் பொதுவாக ஆண்டுச் சம்பளம் 41,700 பவுண்டு தேவை.

பவுண்டின் மதிப்பை மட்டும் பார்த்து நிலத்தை விற்காதீர்கள். வட்டிக் கடனில் விழாதீர்கள். அங்கே வேலை கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதை விமானச் சீட்டு எடுக்கும் முன்பே குடும்பமாக உட்கார்ந்து பேசுவோம்.