நெல்லுக்கு அடங்கல், மருந்துக்கு?

பூதலூர் கொள்முதல் நிலையத்தில் நாற்பது கிலோ மூட்டை போட அப்பா சிட்டா, அடங்கல் எல்லாம் நீட்டணும். யார் வயல் நெல் என்று அரசுக்குத் தெரிந்தே ஆகணும். அவருடைய பிரஷர் மாத்திரை எந்தெந்தக் கை மாறி வந்தது என்று மருந்துக்கடையில் கேட்டேன். கடைக்காரர் சிரித்தார்.

அதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் எழுதுவதுதான் என் பிழைப்பு. ஆனால் அமெரிக்காவுக்கு. அங்கே 2013லேயே சட்டம் போட்டார்கள்: டப்பாவுக்கு டப்பா தனி எண், கைமாறும் இடமெல்லாம் பதிவு.

நமக்கு? 2023 ஆகஸ்ட் முதல் 300 பிராண்டுகளுக்கு க்யூஆர் கோடு. பேட்ச் எண், காலாவதித் தேதி, உரிம எண் சொல்லும். வந்த வழியைச் சொல்லாது. போலி டப்பாவில் நகலெடுத்து ஒட்டினாலும் அதே பதில்தான்.

2025 அக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் சிரப்பின் எஸ்ஆர்-13 பேட்சில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் இருந்தது தெரியவந்தது. மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்துப்போனார்கள். எந்தக் கோடும் அந்த விஷத்தைத் தடுத்திருக்காது, அது பரிசோதனைக்கூடத்தின் வேலை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மீதி பாட்டில்கள் எந்த ஊர், எந்தக் கடை, எந்த வீட்டு அலமாரி? அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

சின்னக் கம்பெனிகளுக்குக் கட்டுப்படியாகாதாம். அப்பா அடங்கலுக்கு அலைந்த நாட்களின் கூலி கட்டுப்படியாகுமா என்று யாராவது கேட்டார்களா?