இரண்டு தராசு

அகதிகளிடம் அநுதாபம் காட்டாத தேசம் உலகத்தில் இல்லை. ஆனால் அநுதாபம் வேறு, உத்தியோகம் வேறு. அகதி ஊனமுற்றவராகவும் இருந்துவிட்டாலோ, இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் மிக அதிகம்.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த பிறகு ஐரோப்பாவில் வீடு வாசல் இழந்த லட்சக்கணக்கான ஜனங்கள் முகாம்களில் காத்துக் கிடந்தார்கள். 1947-ல் அவர்களைத் தேடிப் பல தேசத்துப் பிரதிநிதிகள் வந்தார்கள். பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கத்துக்கும், கனடாவின் காடுகளுக்கும், பிரிட்டனின் நூல் ஆலைகளுக்கும் ஆள் தேவைப்பட்டது. சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பது போல் தேகத்தைப் பரிசோதித்தார்கள். திடகாத்திரர்கள் புறப்பட்டுப் போனார்கள். காலிழந்தவரும், கண்ணிழந்தவரும், காசநோய்க்காரரும் முகாமிலேயே தங்கினார்கள்.

இதில் ஒரு விசித்திரம் பாருங்கள். இதே பிரிட்டன் 1944-ல் ஒரு சட்டம் செய்திருந்தது. 20 பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி, ஊனமுற்றவர்களுக்கு ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்றது அது. அந்தப் பங்கு 100-க்கு 3 என்று நிர்ணயமாயிற்று. ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியிலோ, முதுகெலும்பு முறிந்த போர்வீரர்களுக்குத் தச்சு வேலையும் கடிகாரம் பழுது பார்ப்பதும் கற்றுக்கொடுத்தார்கள். அந்தச் சிகிச்சையை நடத்திய வைத்தியர் லுட்விக் குட்மன், ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து 1939-ல் தப்பி வந்த அகதி!

ஆகவே, ஊனமுற்றவரால் உழைக்க முடியாது என்று அந்தத் தேசம் எண்ணவில்லை. சொந்தப் பிள்ளைக்கு ஒரு தராசு, அகதிக்கு வேறொரு தராசு, அவ்வளவுதான்.

1959-ல் உலக அகதிகள் ஆண்டு தொடங்கிய பிறகு கதவு சற்றுத் திறந்தது. நியூஸிலாந்து, ஊனமுற்றவர் உள்ள அகதிக் குடும்பங்களை ஏற்றுக்கொண்டது. கனடா, காசநோயாளிகளைக் குடும்பத்தோடு அழைத்துக்கொண்டது. ஊனமுற்றோருக்கும் மற்றவர்களைப் போல் உழைத்துப் பிழைக்க உரிமை உண்டென்று ஐக்கிய நாடுகள் சபை 2006-ல் உடன்படிக்கையே செய்துவிட்டது.

ஆனால் உடன்படிக்கை கையில் வேலையைக் கொண்டுவந்து கொடுத்துவிடுமா? சைகை மொழி தேசத்துக்குத் தேசம் வேறு; செவி கேளாத அகதி, வந்த இடத்தில் அதைப் புதிதாகக் கற்க வேண்டும். படித்த அத்தாட்சிப் பத்திரம் யுத்தத்தில் எரிந்து போயிருக்கும். இவருக்குத் தேவை தர்மம் அல்ல. மொழி கற்பிக்க ஓர் ஆசிரியர். பத்திரத்துக்குப் பதிலாக வேலையைச் செய்து காட்ட ஒரு சந்தர்ப்பம். சக்கர நாற்காலி ஏறுவதற்குப் படிக்குப் பக்கத்தில் ஒரு சரிவுப் பாதை. இவற்றுக்கு ஆகும் செலவு, ஒருவரை ஆயுள் முழுவதும் முகாமில் உட்கார வைத்துச் சோறு போடுகிற செலவை விடக் குறைவாகத்தான் இருக்கும்.

"உமக்கு என்ன குறை?" என்று அவரை எத்தனையோ அதிகாரிகள் கேட்டாயிற்று. "உமக்கு என்ன வேலை தெரியும்?" என்று இனி ஒரு முதலாளியாவது கேட்கட்டும்.