பூனை ஒன்றும் குட்டி நாய் அல்ல: செல்லங்களின் தட்டில் கொழுப்பு வில்லனா?

‘ஆயிலைக் குறைங்க, ஃபேட் வேண்டாம்’ என்பது மனிதர்களுக்கு டயட்டீஷியன் சொல்லும் அறிவுரை. பலர் இதை அப்படியே வீட்டு நாய்க்கும் பூனைக்கும் அமல்படுத்திவிடுகிறார்கள். தோல் நீக்கிய சிக்கனை வேகவைத்துச் சாதத்தில் பிசைந்து வைத்தால் ‘ஹெல்தி’ என்று ஒரு நிம்மதி. சில வீடுகளில் மூன்று வேளையும் தயிர்சாதம்தான். வைப்பவரின் அன்பில் குறையில்லை, கணக்கில்தான் பிழை. செல்லங்களின் உணவில் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எவ்வளவு கொழுப்பு?’ என்பதல்ல, ‘எந்தக் கொழுப்பு?’ என்பதுதான்.

கொழுப்பு எதற்கு?

எனர்ஜிக்கு மட்டும்தான் கொழுப்பு என்ற எண்ணத்தை 1929-லேயே எலிகள் உடைத்துவிட்டன. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவைக் கொடுத்துப் பார்த்தனர். தோல் செதில் செதிலாக உரிந்தது, வளர்ச்சி நின்றது. லினோலெயிக் அமிலம் கொடுத்ததும் எலிகள் தேறின. உடலால் தயாரிக்க முடியாத, உணவிலிருந்தே வர வேண்டிய ‘அத்தியாவசிய கொழுப்பு அமிலம்’ என்ற கருத்து அங்கிருந்துதான் பிறந்தது.

நாய்க்கும் பூனைக்கும் இதே கதைதான். லினோலெயிக் அமிலம் போதவில்லை என்றால் ரோமம் பொலிவிழக்கும், தோல் வறண்டு செதிலாகும். ‘ஷாம்பூ மாத்தணுமோ?’ என்று யோசிப்பவர்கள் தட்டையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. ஏ, டி, இ, கே வைட்டமின்களை உடல் உறிஞ்சிக்கொள்ளவும் கொழுப்பு வேண்டும். சூரியகாந்தி எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் லினோலெயிக் அமிலம் நிறைய உண்டு. பலரும் நம்பி ஊற்றும் தேங்காய் எண்ணெயில் அது மிகக் குறைவு.

பூனை ஏன் வேற லெவல்?

லினோலெயிக் அமிலத்தை வைத்து நாயின் உடல் ‘அராகிடோனிக் அமிலம்’ என்ற இன்னொன்றைத் தயாரித்துக்கொள்ளும். பூனையால் அது போதிய அளவு முடியாது. அந்த வேலையைச் செய்யும் நொதி அதன் உடலில் ரொம்பவே மந்தம். 1975-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டினர். ரத்தம் உறைவது முதல் குட்டி ஈனுவது வரை இந்த அமிலத்துக்கு வேலை இருக்கிறது. இது கிடைப்பது இறைச்சி, முட்டை, விலங்குக் கொழுப்பு போன்றவற்றில். தாவர எண்ணெய்களில் கிடையாது.

அதனால்தான் அமெரிக்காவின் தீவன ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்கோ, ஈரப்பதம் நீக்கிய கணக்கில், வளர்ந்த நாயின் உணவில் குறைந்தது 5.5 சதவீதமும் பூனையின் உணவில் 9 சதவீதமும் கொழுப்பு வேண்டும் என்கிறது. பூனைக்கு மட்டும் அராகிடோனிக் அமிலம் 0.02 சதவீதம் என்று தனி வரியே உண்டு.

ஆக, பூனையைச் சைவமாக்குவது வளர்ப்பவரின் கொள்கையை அதன் உடல்மீது திணிப்பதுதான். பூஞ்சையிலிருந்து இந்த அமிலத்தை எடுக்கும் தொழில்நுட்பம் இருக்கிறது. ஆனால் அது ஃபேக்டரி வேலை. வீட்டு அடுப்படியில் தயிர்சாதம் பிசைந்து ஈடுகட்ட முடியாது.

அப்போ மீன் மட்டும் போட்டால் ஓகேவா?

அதுவும் இல்லை. மீன் எண்ணெயில் உள்ள இபிஏ, டிஹெச்ஏ எனும் ஒமேகா-3 கொழுப்புகள் நல்லவைதான். ஆளிவிதை எண்ணெய் இதற்கு மாற்றாகாது. அதில் இருக்கும் ஒமேகா-3 வேறு வகை. அதை இபிஏ, டிஹெச்ஏ-வாக மாற்றும் திறன் நாய்க்குக் குறைவு, பூனைக்கு அதைவிடக் குறைவு. ஆனால் கொழுப்பு மிகுந்த மீனையே பூனைக்குத் தினமும் போட்டு, வைட்டமின் இ போதாமல் போனால், உடலின் கொழுப்புத் திசுவே அழற்சி கண்டு வலிக்கும் ‘மஞ்சள் கொழுப்பு நோய்’ வரலாம். மீன் எண்ணெயும் மீன் ஈரல் எண்ணெயும் ஒன்றல்ல என்பதும் முக்கியம். ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ, டி அதிகம். இஷ்டத்துக்கு ஊற்றினால் அதுவே நஞ்சாகும்.

மறுபக்கமும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய மட்டன் கொழுப்பையும் வறுத்த சிக்கன் தோலையும் நாய்க்கு மொத்தமாகக் கொட்டுவது கணைய அழற்சிக்கு வழிவகுக்கலாம். அதன்பின் நாய் வாந்தி எடுத்து, சாப்பாட்டை ஒதுக்கி, வயிறு வலித்துச் சுருண்டால் மறுநாள்வரை காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். குண்டான பூனையைப் பட்டினி போட்டு இளைக்க வைப்பதும் ஆபத்து. சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே உலையாகலாம்.

பாக்கெட்டை எப்படிப் படிப்பது?

ஈர உணவு பவுச்சில் ‘கொழுப்பு 3%’, உலர் உணவுப் பையில் ‘12%’ என்று இருந்தால் எதில் கொழுப்பு அதிகம்? பவுச்சில் 80% தண்ணீர் என்றால் மிச்சம் 20 பங்கில் 3, அதாவது 15 சதவீதம். பையில் 10% ஈரம் என்றால் 90-ல் 12, சுமார் 13 சதவீதம். ‘லைட்டா இருக்கு’ என்று வாங்கிய பவுச்சில்தான் கொழுப்பு அதிகம்!

பை திறந்த பிறகு காற்றும் சூடும் பட்டால் கொழுப்பு சிக்கடித்துப் போகும். ஆஃபர் என்று 10 கிலோ மூட்டை வாங்குவதைவிட, சீக்கிரம் தீரும் அளவில் வாங்கி, அதே பையில் இறுக மூடி வைப்பதே லாபம்.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் வளர்ப்பவர் தலையில் கட்ட முடியாது. பல பாக்கெட்டுகளில் மொத்தக் கொழுப்பு மட்டும் இருக்கிறது. எந்தக் கொழுப்பு என்பது இல்லை. லினோலெயிக், அராகிடோனிக், ஒமேகா-3 அளவுகளைக் கட்டாயம் அச்சிட வைக்க வேண்டும். மனிதர்கள் லேபிள் பார்த்து வாங்கிச் சாப்பிடலாம், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். நாய்க்கும் பூனைக்கும் அந்த சாய்ஸ் இல்லை. தட்டில் விழுவதுதான் அவற்றின் டயட்.