தூக்குமரத்தடியில் வாசனை வியாபாரம்!



முடிதிருத்தும் நிலையத்தில் சவரம் முடிந்ததும் கன்னத்தில் படிக்காரக் கட்டியைத் தேய்க்கிறார்கள். கீறலில் கசிந்த இரத்தம் நிற்கிறது. கூலியைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறோம். இந்தச் சின்னஞ்சிறு காரியத்துக்கும் அமெரிக்க வணிகன் சூனியக்காரியைத் துணைக்கு அழைத்திருக்கிறான்! சவரத்துக்குப் பின் முகத்தில் தடவும் ஆஃப்டர்ஷேவ் தண்ணீரைச் சூனியத்தின் பெயரால் விற்கிறான். சீட்டிலே கூம்புத் தொப்பி, துடைப்பக்கட்டை, பிறைநிலா! அக்டோபரில் ஹாலோவீன் என்னும் பேய்த் திருநாள் நெருங்க நெருங்க இத்தகைய சரக்குக்குக் கிராக்கி.

புட்டிக்குள் இருப்பது என்ன? பேயா, பிசாசா? ஆல்கஹால், தண்ணீர், நறுமண எண்ணெய். அவ்வளவுதான்! ஆல்கஹால் ஆவியாகும்போது தோலின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது, குளிர்கிறது. கிருமியைக் கொல்கிறது, கீறல் புண்ணாகாமல் காக்கிறது. 'இருளின் மணம்' என்று மயக்குகிறார்களே, அந்த மணத்துக்குச் சேர்க்கப்படும் பண்டங்கள் கிராம்பு, சாம்பிராணி, வெட்டிவேர் போன்றவை. வெட்டிவேருக்கு மேனாட்டார் வழங்கும் பெயரே நம் தமிழ்ச் சொல்தான்! மாயம் என்பது அந்தப் புட்டியில் மருந்துக்கும் இல்லை.

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். ஆஃப்டர்ஷேவில் நெடுங்காலமாகச் சேர்ந்துவரும் சரக்கு 'விட்ச் ஹேசல்' என்னும் புதர்ச்செடியின் வடிநீர். ஆங்கிலத்தில் 'விட்ச்' என்றால் சூனியக்காரி. சூனியக்காரியின் செடி என்று கதை கட்ட இது போதாதா? ஆனால் சொல்லாராய்ச்சி வேறு சேதி சொல்கிறது. 'வளைந்து கொடுப்பது' என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லே இங்கே திரிந்து நிற்கிறது. வளையும் கிளைக்கு வைத்த பெயர் சூனியக்காரிக்குப் போய்ச் சேர்ந்தது! அதன் பட்டையைக் காய்ச்சி வீக்கத்துக்கும் புண்ணுக்கும் மருந்தாகக் கொண்டவர்கள் அமெரிக்கப் பழங்குடி மக்கள். அவர்களுடைய அறிவு மறைந்தது. வெள்ளையனின் மூடநம்பிக்கை மேலே ஒட்டிக்கொண்டது.

அந்த வடிநீர்த் தொழில் 19ஆம் நூற்றாண்டில் வளர்ந்த இடம் கனெக்டிகட் மாநிலம். அதே கனெக்டிகட் மண்ணில்தான், அது ஆங்கிலேயக் குடியேற்றமாக இருந்தபோது, 1647இல் ஆல்ஸ் யங் என்ற பெண்ணைச் சூனியக்காரி என்று சொல்லித் தூக்கிலிட்டார்கள்! பக்கத்து மாசசூசெட்சில் 1692இல் சேலம் வழக்குகள். 14 பெண்களும் 5 ஆண்களும் தூக்கில் தொங்கினர். 80 வயதை எட்டிய ஜைல்ஸ் கோரி என்ற குடியானவரைக் கிடத்தி, மார்பின்மேல் கல்லை அடுக்கி நசுக்கிக் கொன்றார்கள்.

முதன்முதல் பிடிபட்டவர்கள் யார்? சீமாட்டிகளா? பிச்சை எடுத்துப் பிழைத்த சாரா குட். நோயில் கிடந்த சாரா ஆஸ்பர்ன். அடிமைப் பெண் டிடூபா. சாரா குட்டின் மகள், நாலைந்து வயதுப் பச்சைக் குழந்தை, அதற்கும் விலங்கு! சிறையில் அடைத்ததற்குக் கைதியிடமே கட்டணம் கேட்டார்கள். தண்டனை பெற்ற சிலரின் மாடும் பண்டமும் பறிமுதலாயின. பேயை ஓட்டப் புறப்பட்டவர்களுக்குப் பிறர் வீட்டு மாட்டின்மேலும் கண் இருந்தது!

இன்று அதே சேலம் நகரத்துக் காவல்துறை வண்டியில் சூனியக்காரி படம் சின்னமாக இருக்கிறது. "வேடிக்கைதானே, இதற்கு ஏன் இத்தனை கோபம்?" என்று கேட்பார்கள். அங்கே வேடிக்கையாக இருக்கலாம். அங்கும் சேலத்தில் தண்டிக்கப்பட்டவர்களில் கடைசிப் பெண்ணின் பெயரிலிருந்து களங்கம் நீங்கியது 2022இல். 330 ஆண்டுகள் கழித்து! அதுவும் ஒரு பள்ளி ஆசிரியையும் மாணவர்களும் பாடுபட்டதால். கனெக்டிகட் சட்டமன்றம் தன் பங்குக்குத் தீர்மானம் நிறைவேற்றியது 2023இல்.

இந்தியத் துணைக்கண்டத்தில் இது வேடிக்கையா? ஜார்க்கண்டில் 'டாயன்' என்று ஒரு கைம்பெண்ணைச் சுட்டிக்காட்டினால் போதும். ஊர் திரண்டு அடிக்கிறது, உயிரைப் பறிக்கிறது. மாடு செத்தாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் பழி அவள்மேல். பல இடங்களில் உண்மைக் காரணம் அவளிடமிருக்கும் துண்டு நிலம்! டாயன் என்று முத்திரை குத்துகிறவனுக்கு 2001ஆம் ஆண்டின் ஜார்க்கண்ட் சட்டம் விதிக்கும் தண்டனை மூன்று மாதச் சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒரு பெண்ணை ஊருக்குப் பகையாக்குவதற்கு இவ்வளவுதானா விலை?

அசாமில் பிருபாலா ராபா என்றொரு ஏழைத் தாய் இருந்தார். "உன் மகன் மூன்று நாளில் சாவான்" என்றான் ஊர் மந்திரவாதி. மகன் சாகவில்லை, தாயின் மூடநம்பிக்கை செத்தது! சூனியக்காரி என்று பழி சுமந்த பெண்களைக் காக்க ஊர் ஊராக நடந்தார். எதிர்ப்பையும் அச்சுறுத்தலையும் தாங்கினார். அத்தகைய போராட்டத்தின் பயனாக 2015இல் அசாம் சட்டமன்றம் கடுமையான சட்டம் கண்டது. 2024இல் மறைந்தார் அந்த வீரத் தாய்.

சூனியம் என்ற ஒரே பொய் ஓரிடத்தில் புட்டியாய் விலைபோகிறது. ஓரிடத்தில் கழுத்தை நெரிக்கிறது. வாங்குகிறவன் பணத்தை இழக்கிறான். பழி சுமக்கிறவள் உயிரை இழக்கிறாள். இரண்டிலும் ஆதாயம் காண்பவன் ஒருவன் இருக்கிறான். அவனைத் தேடிப் பிடிப்பதே பகுத்தறிவின் வேலை!

தோழனே! செய்வினை, ஏவல், பில்லி சூனியம் என்று பேசுவோர் நம் தெருவிலும் உண்டு. அந்தப் பேச்சு ஒரு கிழவியின் வாசலை நோக்கித் திரும்பும்போது, முதலில் குறுக்கே நிற்கும் கை உன் கையாக இருக்கட்டும். இந்தியா முழுவதும் இக்கொடுமையைத் தண்டிக்கும் கடுஞ்சட்டம் வேண்டுமென்று உரக்கக் கேள். வாசனை வேண்டுமானால் வாங்கிப் பூசிக்கொள், தடையில்லை. அதன் பெயருக்குப் பின்னால் தூக்குக்கயிறு தொங்கியதை மட்டும் மறவாதே!