கேட்கப்பட்டோரும் கேட்கப்படாதோரும்

புதுச்சேரி ஒரே நிலப்பரப்பன்று. தமிழக மண்ணிடையே சிதறிக் கிடக்கும் துண்டுகள். எல்லைக்கோடு மனிதன் வரைந்ததே என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1962 ஆகஸ்டு 16-இல் ஒப்படைப்பு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைக்க விரும்பிய நம் மக்களுக்கு ஆறு மாதத் தவணை தரப்பட்டது. 2015-இல் இந்தியாவும் வங்கதேசமும் 162 நிலத்திட்டுகளைக் கைமாற்றிக்கொண்டபோதும், எந்நாட்டவராக வாழ விருப்பம் என அங்குள்ளோரிடம் கேட்கப்பட்டது.

நமது காலாப்பட்டைக் கடந்ததும் தமிழக எல்லைக்குள் இருக்கிறது கீழ்ப்புத்துப்பட்டு ஈழத்தமிழர் முகாம். அவர்களிடம் கேட்டவர் யார்? 2021-இல் ‘அகதிகள் முகாம்’ என்பது ‘மறுவாழ்வு முகாம்’ ஆயிற்று. பெயர் மாறியது, குடியுரிமை வரவில்லை. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசக் கிறிஸ்தவர்க்கு வழிவிட்டது; இஸ்லாமியரையும் இலங்கைத் தமிழரையும் விலக்கியது. பட்டியலில் கிறிஸ்தவர் பெயர் உண்டென்று நாம் வாளாவிருப்பது அறமாகுமா?

எகிப்தில் அந்நியராய் வாழ்ந்ததை மறவாதிருக்க இஸ்ரயேலருக்கு ஆண்டவர் கட்டளையிட்டார். அன்று விருப்பம் கேட்கப்பட்ட நாம், 1983 முதல் அடைக்கலம் தேடி வந்து இன்னும் காத்திருப்போர்க்காக வாய் திறவாவிடில், எம்முகத்தோடு பலிபீடத்தை அணுகுவோம்?