படிக்கட்டின் கீழே ஒரு வாளி



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, மறுநாள் பிரசங்கத்திற்கான குறிப்புகளோடு அமர்ந்திருந்தபோது என் கைபேசி ஏழு முறை ஒலித்தது. ஏழு அழைப்புகளும் ஒரே காரியத்தைப் பற்றியவை. நமது வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த தம்பி ஒருவர், தாம் தங்கியிருக்கும் வீட்டில் பீர் தயாரிக்கத் தொடங்கியிருக்கிறார். அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைத்திருக்கிறார். "பாஸ்டர், இவர் நாளைக்குப் பாடற்குழுவில் நின்று பாடலாமா?" என்று ஒரு மூப்பர் கேட்டார். ஒரு சகோதரி பேசவே இயலாமல் அழுதார். அவருடைய கணவர் ஊரில் குடியினால் மரித்தவர் என்பதை நான் அறிவேன். ஆகையால் அந்த அழுகையை நான் எளிதாக எண்ணவில்லை.

ஏழாவது அழைப்பு முடிந்ததும் நான் அந்தத் தம்பிக்குப் பேசினேன். ஒன்றும் விசாரிக்கவில்லை. "முதலில் அதைக் கொட்டிவிடுங்கள், பிறகு பேசுவோம்" என்றேன். "சரி ஐயா" என்றார். அதன்பின் இரண்டு ஞாயிறுகள் அவர் ஆராதனைக்கு வரவில்லை.

இதைப் பற்றி எழுதலாமா என்று சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டு, அவர்களுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். லண்டனில் வாழும் நம்மைப் போன்ற சபைகளில் இந்தக் கேள்வி இனி அடிக்கடி எழும். அதற்குக் கைபேசியில் ஒற்றை வரியில் பதில் சொல்லிவிட முடியாது என்பதை நான் தாமதமாகவே கற்றுக்கொண்டேன்.

முதலில் காரியம் இன்னதென்று அறிந்துகொள்வோம். அந்தத் தம்பியின் அலுவலக நண்பர் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தது ஒரு 'கிட்'. அதற்குள் ஹாப்ஸ் சேர்த்துக் கெட்டியாக்கப்பட்ட மால்ட் சாறு ஒரு தகர டப்பாவிலும், ஈஸ்ட் ஒரு சிறு உறையிலும், கோகோ தூள் ஒரு பொட்டலத்திலும் இருந்தன. சாக்லேட் ஸ்டவுட் என்பது அந்தப் பானத்தின் பெயர். பெயரைக் கேட்டதும் மிட்டாய் நினைவுக்கு வரலாம். ஆனால் அந்தச் சுவையில் பெரும்பங்கு கோகோவினால் வருவதன்று. முளைகட்டிய பார்லியை ஏறக்குறைய காப்பிக் கொட்டையைப் போலக் கருக வறுத்தால் கிடைக்கும் மால்ட்டுக்கே 'சாக்லேட் மால்ட்' என்று பெயர். இந்தச் சாற்றை வெந்நீரில் கரைத்து, ஒரு கிலோ அளவு சர்க்கரை சேர்த்து, 23 லிட்டர் வரும்வரை தண்ணீர் ஊற்றி, சூடு 20 டிகிரி அளவுக்குத் தணிந்தபின் ஈஸ்ட்டைத் தூவி மூடிவைக்க வேண்டும். அவ்வளவுதான். 'காய்ச்சுகிறார்' என்று எல்லாரும் சொன்னார்கள். அங்கே அடுப்பில் காய்ச்சப்பட்டது வெந்நீர் மாத்திரமே.

அந்தத் தம்பியின் தாயாருக்கும் செய்தி எட்டிவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து என்னை அழைத்து, "ஐயா, வீட்டில் காய்ச்சினதைக் குடித்தால் கண் போய்விடுமே" என்று பதறினார். அந்தப் பதற்றத்திற்குக் காரணம் உண்டு. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை அவர் மறக்கவில்லை. அங்கே கொன்றது மெத்தனால் என்னும் நச்சு. மால்ட்டைச் சாதாரணமாக நொதிக்கவைக்கும்போது அது ஆபத்தான அளவில் உண்டாவதில்லை. இந்தத் தம்பி எதையும் வடித்தெடுக்கவும் இல்லை. இந்நாட்டுச் சட்டமும் இரண்டையும் வெவ்வேறாகவே பார்க்கிறது. சொந்த உபயோகத்திற்காக வீட்டில் பீர் தயாரிக்க 1963-ஆம் ஆண்டு முதல் உரிமம் தேவையில்லை, விற்கக்கூடாது. சாராயம் வடிப்பதற்கோ உரிமம் இன்றியமையாதது. அந்தத் தாயாருக்கு இதை விளக்க எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. கண் போகாது என்பதில் ஆறுதல் அடைந்தார்; மற்றதில் அடையவில்லை.

சரி, சட்டம் அனுமதிக்கிறது. வேதம் என்ன சொல்கிறது? இங்கே நாம் நேர்மையாக இருக்க வேண்டும். கானாவூரில் நம் ஆண்டவர் செய்த முதல் அற்புதத்தை நாம் மறைக்க முடியாது. தீமோத்தேயுவின் வயிற்று நோய்க்குப் பவுல் சொன்ன யோசனையையும் மறைக்க முடியாது. அதுபோலவே, நீதிமொழிகள் 23-ஆம் அதிகாரம் குடிவெறியனின் கண்களையும் தள்ளாட்டத்தையும் விவரிக்கும் இடத்தையும் ஒருவரும் கடந்துபோக முடியாது. ஒரு பக்கத்து வசனங்களை மாத்திரம் பொறுக்கி எடுப்பவர் எந்தக் கட்சியினராயினும் வேதத்தை முழுதாக வாசிப்பவர் அல்லர்.

நான் உங்களுடைய கவனத்தைத் திருப்ப விரும்புவது எரேமியா 35-ஆம் அதிகாரத்திற்கு. ரேகாபியர் என்னும் ஒரு குடும்பத்தார் தங்கள் தகப்பனாகிய யோனதாபின் சொல்லுக்காகத் தலைமுறை தலைமுறையாகத் திராட்சரசம் குடியாதிருந்தார்கள். எரேமியா தீர்க்கதரிசி தேவாலயத்தின் அறையிலேயே அவர்களுக்கு முன்பாகக் குடங்களையும் கிண்ணங்களையும் வைத்தபோதும் அவர்கள் மறுத்தார்கள். கர்த்தர் அவர்களை மெச்சினார். ஆனால் கவனியுங்கள்: அவர்களை மெச்சிய அதே கர்த்தர், யூதாவின் மற்றக் குடும்பங்களுக்கு அந்த விரதத்தைச் சட்டமாக்கவில்லை. அவர் யூதாவிடம் கேட்டது தம்முடைய வார்த்தைக்குக் கீழ்ப்படிதலையே. எண்ணாகமம் 6-ஆம் அதிகாரத்தின் நசரேயனும் அப்படித்தான். விரதநாட்கள் முடிந்தபின் அவன் திராட்சரசம் குடிக்கலாம் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. விரதம் மேன்மையானது. அது என்னுடைய விரதமாக இருக்கலாம், இருக்கிறது. அதை அடுத்தவன் தலையில் நியாயப்பிரமாணமாக வைக்க எனக்கு அதிகாரம் இல்லை.

இந்நாட்டின் விசுவாசிகளும் இதே பாதையில் வெகுதூரம் நடந்தவர்கள். 1832-ல் பிரஸ்டன் நகரில் ஜோசப் லிவ்சியும் அவரோடிருந்தவர்களும் முழு மதுவிலக்கு உறுதிமொழியில் கையெழுத்திட்டார்கள். 1835-ல் சால்ஃபர்டில் தொடங்கிய மதுவிலக்குச் சங்கம் ரேகாபியரின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. இன்னொரு செய்தி எனக்குப் புன்னகையை வரவழைக்கிறது. 1824-ல் பர்மிங்ஹாமில் கடை திறந்த ஜான் காட்பரி ஒரு குவேக்கர் விசுவாசி. மக்கள் மதுவுக்குப் பதிலாக அருந்தட்டும் என்றே தேநீர், காப்பியோடு சாக்லேட் பானத்தையும் விற்றார். பிற்பாடு அவருடைய குமாரர்கள் போர்ன்வில்லில் தொழிற்சாலை எழுப்பினார்கள்; அதைச் சுற்றி அமைந்த குடியிருப்பில் மதுக்கடைக்கு இடம் கொடுக்கப்படவில்லை. பீருக்கு எதிரியாக மேடையேறிய சாக்லேட், இன்று பீரின் பெயர்ச்சீட்டிலேயே அமர்ந்திருக்கிறது! அந்தப் பெரியவர் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

அந்த மதுவிலக்குப் பிதாக்களை நான் மதிக்கிறேன். ஆலைத் தொழிலாளியின் கூலி வீட்டை அடையுமுன் மதுக்கடையில் கரைந்ததை அவர்கள் கண்ணால் கண்டார்கள். நம் தாய்மார்களும் கண்டிருக்கிறார்கள். ஆகவே 'பீர்' என்ற சொல்லைக் கேட்டதும் நடுங்குகிறவர்களை அறியாதவர்கள் என்று நம் பிள்ளைகள் ஏளனம் செய்யக்கூடாது. அந்த நடுக்கத்திற்கு ஒரு சரித்திரம் உண்டு.

இவ்வளவையும் நான் சிந்தித்து முடித்து, அந்தத் தம்பியைச் சந்திக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது எட்டாவது அழைப்பு வந்தது. திங்கட்கிழமை இரவு பதினொரு மணி. பேசியவர் நமது சபையின் இன்னொரு சகோதரர். அதே வீட்டில் கீழ்த்தளத்து அறையில் வாடகைக்கு இருப்பவர். "பாஸ்டர், தம்பி அதைக் கொட்டவில்லை. நான் அவரைக் குறை சொல்ல அழைக்கவில்லை. அந்த வாளி படிக்கட்டின் கீழே, என் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இரவில் குமிழி விடும் சத்தம் கேட்கிறது. வாசனையும் வருகிறது. எனக்குத் தூக்கமில்லை" என்றார்.

அந்தச் சகோதரர் குடியை விட்டு ஆறு வருடங்கள் ஆகின்றன. அந்த ஆறு வருடங்களில் இதை அறிந்திருந்தவன் நம் சபையில் நான் ஒருவன் மாத்திரமே.

புதன்கிழமை அந்த வீட்டிற்குச் சென்றேன். முதலில் கீழ்த்தளத்து அறையில் அமர்ந்து ஜெபித்தோம். "நான் அவரிடம் பேசவா?" என்று கேட்டேன். "வேண்டாம், நானே சொல்கிறேன்" என்றார். பின்பு தம்பி வந்து அந்த வாளியைக் காட்டினார். மூடியின்மேல் ஏர்லாக் என்னும் சிறு குழாய். உள்ளே உண்டாகும் வாயு தண்ணீரின் வழியே வெளியேறும், வெளிக்காற்று உள்ளே புகாது. ஒரு நிமிடத்திற்கு ஒன்றாகக் குமிழி வந்துகொண்டிருந்தது. ஏன் இன்னும் புட்டியில் அடைக்கவில்லை என்று கேட்டேன். ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுக் காட்டினார். தொடக்கத்தில் 1.048 என்று காட்டியது, இப்போது 1.014. இரண்டு மூன்று நாட்கள் அளவு மாறாமல் நின்ற பிறகே அடைக்க வேண்டுமாம். அவசரப்பட்டு மூடினால் உள்ளே நொதித்தல் தொடர்ந்து, கண்ணாடி வெடித்துவிடுமாம். "முதலில் கொட்டிவிடுங்கள், பிறகு பேசுவோம்" என்ற என் சொற்கள் அப்போது எனக்கு நினைவுக்கு வந்தன. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஒரு கணக்கையும் அவரோடு சேர்ந்து போட்டுப் பார்த்தேன், ஏனெனில் பிரியத்தினால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதும் போதகனுக்கு அழகன்று. ஏறக்குறைய 5 சதவீத ஆல்கஹால் உள்ள 23 லிட்டர் என்றால் 115 யூனிட். வாரத்திற்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்பது 2016 முதல் இந்நாட்டு மருத்துவ அதிகாரிகளின் அறிவுரை. அதன்படி ஒரே ஆள் அருந்துவதானால் எட்டு வாரங்களுக்கும் மேல் ஆகும். கடையில் ஒரு புட்டி வாங்குவது வேறு. நாற்பது புட்டிகள் வீட்டில் காத்திருப்பது வேறு. வேலை கடினமாய் இருந்த நாளின் மாலையில், தனி அறையில், அந்த வேறுபாடு பெரிதாகும். அவர் மறுத்துப் பேசவில்லை.

அன்றிரவே அந்த மூத்த சகோதரர் தம்முடைய ஆறு வருடங்களைப் பற்றித் தம்பியிடம் சொல்லியிருக்கிறார். தம்பி கேட்ட முதல் கேள்வி: "அண்ணா, இதை ஏன் என்னிடம் முன்னமே சொல்லவில்லை?"

பிரியமானவர்களே, அந்தக் கேள்வி நமக்குரியது. முழங்கால் வலிக்கு ஜெபிக்கக் கேட்கிறோம், விசாவுக்கு ஜெபிக்கக் கேட்கிறோம். "குடி என்னைப் பிடித்திருந்தது, இன்னும் பயமாயிருக்கிறது" என்று ஜெபக்குறிப்பு கொடுக்க நமது சபையில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை. அந்தச் சனிக்கிழமை ஒரு படத்தைக் கண்டு ஏழு பேர் என்னை அழைத்தோமே, அந்தச் சகோதரரும் அந்தப் படத்தையும் அதன்கீழ் வந்த சொற்களையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு வாளிக்கே இவ்வளவு என்றால் தமக்கு எவ்வளவோ என்று எண்ணினாராம். ரோமர் 14-ஆம் அதிகாரத்தையும் 1 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தையும் எடுத்துப் பலவீனமான சகோதரனுக்கு இடறல் உண்டாக்கக்கூடாது என்று இளைஞர்களுக்குப் போதிக்கிறோம். பலவீனமான சகோதரன் யார் என்று தெரியாதபடி சபையை வைத்துக்கொண்டு, எப்படி அந்த இளைஞன் அதைக் கைக்கொள்வான்?

ஆகவே என் கருத்து இது. வீட்டில் பீர் தயாரித்ததற்காக ஒருவரையும் நான் பாடற்குழுவிலிருந்து நிறுத்தப்போவதில்லை. மூப்பர்களோடும் இதைப் பேசியிருக்கிறேன். ஒருவர் இன்னும் உடன்படவில்லை, அவருடைய மனச்சாட்சியையும் நான் கனப்படுத்துகிறேன். அதே வேளையில் சபையின் பந்திகளுக்கு எந்த மதுபானமும் வரலாகாது. கிறிஸ்மஸ் விருந்தில் மேசையின் ஓரத்தில் மறைவாக வைக்கப்படும் அந்தச் சிறு பிராந்திப் புட்டியும் இதில் அடங்கும். பெரியவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று விளங்கும். நற்கருணையில் நாம் புளியாத திராட்சைச் சாற்றையே பயன்படுத்துகிறோம். 1869-ல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்னும் மெதடிஸ்ட் பல் மருத்துவர், சாறு நொதிக்காதபடி சூடாக்கி அடைக்கும் வழியைக் கண்டதும் இதற்காகவே. திராட்சரசம் அசுத்தம் என்பது நமது காரணமன்று. அந்தக் கிண்ணம் வரும்போது ஒருவரும் தலைகுனிந்து கடந்துபோக நேரிடக்கூடாது.

வியாழக்கிழமை மாலை அந்த வாளி, கிட்டைப் பரிசளித்த நண்பரின் கராஜுக்குப் போய்ச் சேர்ந்தது. தளும்பாமல் தனியொருவர் காரில் ஏற்றுவது கடினம். இருவருமாகத் தூக்கிச் சென்றார்கள் என்று அறிந்தேன். மூத்தவர் தெருமுனை வரைக்கும் வந்து, அங்கிருந்து நடந்தே திரும்பிவிட்டாராம். அடுத்த ஞாயிறு தம்பி பாடற்குழுவில் தம்முடைய இடத்தில் நின்றார்.

இப்போது புட்டிகள் அங்கே பதமாகிக்கொண்டிருக்கின்றன. எனக்கும் ஒன்று எடுத்துவைத்திருப்பதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன். "அப்படியானால் பாலை வாங்கிக்கொண்டு வாருங்கள் ஐயா, கோகோ தூள் பாதி மீதியிருக்கிறது" என்றார். வரும் சனிக்கிழமை மூவரும் அமர்கிறோம்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் போதகர்