பள்ளிக்கரணை வெள்ளத்துக்கும் முட்டுக்காடு படகு சவாரிக்கும் என்ன தொடர்பு?

ஈசிஆரில் முட்டுக்காடு படகு குழாமுக்குப் போய், லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்காத சென்னைக் குடும்பம் குறைவு. ஆனால் படகு மிதக்கும் அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு பள்ளிக்கரணையிலிருந்து வருவது பலருக்குத் தெரியாது.

தாம்பரம் பக்கம் செம்பாக்கம் ஏரி நிரம்பினால் உபரிநீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு. பிறகு பக்கிங்ஹாம் கால்வாய். கடைசியில் முட்டுக்காடு அருகே கோவளம் முகத்துவாரத்தில் கடல். அதாவது, சுற்றுலாத் தலமாக நாம் பார்க்கும் இடம்தான் தென்சென்னையின் வடிகால் வாசல்.

சரக்குப் படகு ஓடிய கால்வாய்

1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்டதுதான் இதன் தொடக்கம். 1876-78 பஞ்சத்தின்போது, கூலியும் கஞ்சியும் தேடி வந்த மக்களை வைத்தே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. பகுதியை வெட்டினார்கள். ஆனால் பெயர் என்னவோ அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனுக்குத்தான் போனது!

உப்பு, விறகு, நெல் என ஆந்திராவின் பெத்தகஞ்சாமில் தொடங்கி மரக்காணம் வரை சுமார் 420 கி.மீ. தூரம் சரக்குப் படகுகள் ஓடின. ரயிலும் லாரியும் வந்தபின் போக்குவரத்து குறைந்தது. 1966, 1976 புயல்களில் கரைகளும் சிதைந்தன. நகருக்குள் மிஞ்சியது சாக்கடை. பிறகு அதிலேயே பறக்கும் ரயிலுக்குத் தூண்களும் நட்டாயிற்று.

முட்டுக்காட்டில் மட்டும் படகு தங்கியது. 1984-ல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் இங்கே படகு குழாம் தொடங்கியது. 2008-ல் கால்வாய் தேசிய நீர்வழி-4-ன் பகுதியாக அறிவிக்கப்பட்டாலும், சென்னைப் பக்கம் சரக்குப் படகு திரும்பவில்லை.

சிக்கல் எங்கே?

இது ஊட்டி ஏரி மாதிரி அடைபட்ட தண்ணீர் இல்லை. கடல் மணலைத் தள்ளி முகத்துவாரத்தை மேடாக்கும். பொக்லைன் வைத்துத் தூர்வார வேண்டும். மழை நேரத்தில் கடல்மட்டமும் உயர்ந்திருந்தால், உள்ளேயிருந்து வரும் வெள்ளம் வெளியேற வழியின்றித் தேங்கும். அதைத் தாங்கிக்கொள்ள வேண்டிய சதுப்பு நிலத்திலோ குப்பைக் கிடங்கும் கட்டடங்களும் நிற்கின்றன. 2022-ல் ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்டது சுமார் 1,248 ஹெக்டேர்தான். பழைய பரப்பில் இது சிறு பகுதி.

டிசம்பர் 2023 மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரி தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் வடியவில்லை. அப்போது படகு வந்து நின்றது மக்களின் வீட்டு வாசலில்.